நாய்க்குத் தெள்ளு மருந்து: முதன்முறை போடுபவர்களுக்கு

தெள்ளு மருந்து எந்த வடிவில் வந்தாலும் அது பூச்சிக்கொல்லிதான். சரியான அளவில் போட்டால் பூச்சி சாகும், பெரும்பாலும் நாய்க்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் வருவது பெரும்பாலும் அவசரத்தால். எடை பார்க்காமல் வாங்குகிறோம், மாட்டு மருந்தை ஊற்றுகிறோம், நாலு நாளில் மறுபடி பூச்சி தெரிந்ததும் இன்னொரு மருந்தையும் சேர்த்துப் போடுகிறோம். இந்த மூன்றாவதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

1. இருப்பது தெள்ளுதானா?

பேன் சீப்பால் நாயின் வால் தொடங்கும் இடத்திலும் இடுப்பிலும் வாருங்கள். சீப்பில் வரும் கருப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது நாயின் ரத்தம். கரையாவிட்டால் வெறும் மண். தோலைக் கவ்விக்கொண்டு நகராமல் இருப்பது உண்ணி. இரண்டையும் கொல்லும் மருந்து உண்டு, தெள்ளை மட்டும் கொல்வதும் உண்டு. அதனால் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

2. எடை

நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். தோலில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து 10 கிலோ வரை, 10–20, 20–40, 40–60 என்று தனித்தனிக் குழாய்களில் வருகிறது. பெரிய குழாயை வாங்கி இரண்டு சின்ன நாய்களுக்குப் பிரித்துப் போட்டால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யாருக்கு எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

எட்டு வாரம் ஆகாத குட்டிக்குக் கடையில் கேட்டு எதுவும் வாங்க வேண்டாம். சீப்பால் வாரி, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, உடனே துவட்டுங்கள். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் தெள்ளு குடித்த ரத்தம் அதிகமாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

3. மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

வலிப்பு வந்த நாயா, சினையா, பால் கொடுக்கிறதா, சர்க்கரை நோய் உண்டா, வேறு என்ன மருந்து ஓடுகிறது. எல்லாவற்றையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாதாமாதம் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளில் இருக்கும் அஃபாக்ஸோலேனர், சரோலேனர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஃப்ளூராலேனர் எல்லாம் ஒரே குடும்பம். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு சில நாய்களுக்கு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018 செப்டம்பரில் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. ஆக, பயந்து ஒதுக்கவும் வேண்டாம், வலிப்பு உள்ள நாய்க்குக் கேட்காமல் கொடுக்கவும் வேண்டாம்.

அமிட்ராஸ் உண்ணிக்கும் சொறிக்கும் கொடுக்கும் கரைசல். தெள்ளுக்கு அது பெரிதாக உதவாது. சரியாகக் கலக்காமல் ஊற்றினால் நாய் மயங்கும், இதயத்துடிப்பு குறையும், ரத்தச் சர்க்கரை ஏறும். புழுவுக்கும் சொறிக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டின் கோலி வகை நாய்களுக்கு ஆபத்து. மரபணுக் கோளாறால் அது மூளைக்குள் போய்விடும்.

வீட்டில் பூனை இருந்தால் இதைத் தனியாகக் கேளுங்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. நாய்க்குப் போட்டு ஈரம் காய்வதற்குள் பூனை ஒட்டிப் படுத்தாலும் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அட்டையில் பிராண்டைப் பார்க்காமல் உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள்.

4. இவை வேண்டவே வேண்டாம்

மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த டெல்டாமெத்ரின் பாட்டில் பல வீடுகளில் கிடக்கும். நாய்க்கு எத்தனை மில்லி என்று யோசித்து ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், நக்கினால் நுரையீரலுக்குப் போகும். தேங்காயெண்ணெயில் கலந்த கற்பூரம், புகையிலைத் தண்ணீர் இரண்டும் நக்கினால் விஷம். தீனியில் பூண்டு போட்டால் நாயின் ரத்த அணுக்கள் சிதையும். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதில் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி உட்கார்ந்தால் தெள்ளுக்குத்தான் கொண்டாட்டம்.

5. சொட்டு மருந்து போடும் விதம்

போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதீர்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே, நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கித் தோலில் படும்படி பிழியுங்கள். முடியின் மேலே வழிந்தால் வீண். காயும்வரை குழந்தைகள் கட்டிப்பிடிக்க வேண்டாம். இரண்டு நாய்கள் இருந்தால் பிரித்து வையுங்கள், ஒன்றையொன்று நக்கும். உங்கள் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

6. முதல் நாள் கவனம்

காலையில் போடுங்கள், பகலெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். போட்ட இடத்தில் லேசான அரிப்பு வருவதுண்டு. விடாத வாந்தி, எச்சில் ஒழுகல், நடுக்கம், தள்ளாட்டம் என்றால் காத்திருக்காதீர்கள். சொட்டு மருந்தாக இருந்தால், நாய் நினைவோடு நிற்கும் நிலையில், பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துவட்டுங்கள். சுடுதண்ணீர் கூடாது. வலிப்பு வந்திருந்தால் கழுவி நேரம் போக்காமல் நேரே கிளம்புங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்; மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

7. வீடும் பொறுமையும்

நாலு நாளில் மறுபடி தெள்ளு தெரியும். மருந்து போலி என்று தோன்றும். உண்மையில் நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் தரை விரிசலிலும் இருக்கின்றன. கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது. ஆள் நடக்கும் அதிர்வும் உடல் சூடும் பட்டதும் அது வெளியே வந்து நாயின் மேல் ஏறும், ஏறிய பிறகுதான் சாகும். எனவே புதிதாகத் தெரிவதெல்லாம் மருந்து தோற்றதற்கு அடையாளம் இல்லை.

நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்கள், வேக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் உள்ள நாய் பூனை எல்லாவற்றுக்கும் அதனதன் மருந்தை ஒரே சமயத்தில் தொடங்குங்கள். முழுக்க ஒழிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை அட்டையில் சொன்ன தேதிக்கு முன்னால் அடுத்த டோஸ் வேண்டாம், மேலே பவுடரும் காலரும் சேர்க்க வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் சீப்பில் அதே அளவு வந்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றுங்கள்.