ஒளிர்கிற இடம்தான் பிறந்த வீடா? பெரிய விண்மீன்கள் பற்றி நாம் செய்யும் தவறுகள்

மார்கழி ராத்திரி எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். ஓரியன் விண்மீன் கூட்டம் எழுந்திருக்கும். நடுவில் மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு வலப்பக்கம் மங்கலாக ஒரு திட்டு தெரியும். பைனாகுலரில் அது சாம்பல் நிறப் புகை, படங்களில் ரோஜா நிறம். சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஓரியன் நெபுலா, அதாவது ஒளிரும் வாயுத் திரள், அதுதான்.

அந்தப் படத்தைப் போட்டு, "இந்த ஒளிரும் வாயுவில்தான் விண்மீன்கள் பிறக்கின்றன" என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். தவறு. அந்த வாயு கிட்டத்தட்ட 10,000 டிகிரி சூட்டில் இருக்கிறது. அவ்வளவு சூடான வாயு சுருங்காது, விரியும். சூரியனைப் போல 30 மடங்குக்கும் மேல் நிறையுள்ள ஒரு விண்மீன் ஏற்கெனவே பிறந்து, தன் புற ஊதா ஒளியால் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. பிரசவ அறை உள்ளே இருக்க, வாசலில் மிட்டாய் கொடுக்கிற இடத்தைப் படம் பிடித்த கதைதான்.

பிரசவ அறை நெபுலாவுக்குப் பின்னால், தூசி மண்டிய இருட்டு மேகத்தில் இருக்கிறது. இத்தகைய மேகங்களில் குளிர் சுமார் மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே போகும். 1967-ல் வானியலாளர்கள் பெக்லினும் நியூகெபாவரும் அங்கே ஒரு பொருளைக் கண்டதாக அறிவித்தார்கள்: சாதாரண ஒளியில் ஒன்றுமே தெரியவில்லை, அகச்சிவப்பில் பளிச்சென்று இருந்தது. தூசிக்குள் ஒளிந்திருந்த ஓர் இளம் பெரிய விண்மீன்.

'மேகம்' என்ற சொல்லும் ஏமாற்றும். அங்கே ஒரு கன சென்டிமீட்டரில் பத்து லட்சம் மூலக்கூறு இருந்தாலே அடர்த்தியான கரு (விண்மீன் உருவாகும் வாயுத் திரட்சி) என்கிறார்கள். நம் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி இருக்கிறது.

அடுத்தது, சூரியன் பிறந்த கதையையே பெரிதாக்கிச் சொல்வது. சூரியன் வாயுவைச் சேர்த்து முடித்த பிறகு, சில கோடி ஆண்டுகள் நிதானமாகச் சுருங்கித்தான் ஹைட்ரஜனை எரிக்கும் நிலைக்கு வந்தது. சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீனுக்கு அந்தப் பொறுமை கிடையாது; வாயு விழுந்துகொண்டிருக்கும்போதே உள்ளே பற்றிக்கொள்ளும். அப்படியானால் அதன் ஒளியே தூசியையும் வாயுவையும் வெளியே தள்ளிவிடாதா? நியாயமான கேள்வி, பல காலம் ஆய்வாளர்களைக் குழப்பியதும் இதுதான். எல்லாப் பக்கமிருந்தும் வாயு சமமாக விழுகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். உண்மையில் மேகம் சுழல்கிறது. வாயு தட்டையான வட்டாகப் படிந்து, அதன் வழியே உள்ளே போகிறது. ஒளி மேலும் கீழும் வழி கண்டு தப்பிக்கிறது. 2009-ல் ஆய்வாளர் க்ரம்ஹோல்ஸ் குழுவின் கணினிக் கணக்கில், சூரியனைப் போல சுமார் 40, 30 மடங்கு நிறையில் இரண்டு விண்மீன்கள் இப்படி வளர்ந்தன. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி இத்தகைய வட்டுகளை நேரிலேயே காட்டியிருக்கிறது.

ஆனால் எல்லாம் முடிந்துவிட்டதாக எழுத வேண்டாம். தனக்கென ஒதுக்கிய கருவிலிருந்தே விண்மீன் வளர்கிறதா, கூடப் பிறந்தவற்றோடு பொது மேகத்தில் போட்டி போட்டுச் சேர்க்கிறதா? தனி இலையா, பந்தியா? சண்டை இன்னும் நடக்கிறது.

அப்புறம், எரிபொருள் அதிகமென்றால் ஆயுளும் அதிகம் என்ற நினைப்பு. நேர்மாறு. அதே ஓரியனில் இடப்பக்கம் சிவப்பாகத் தெரியும் திருவாதிரை என்ற பெரிய விண்மீனுக்கு வயது சுமார் ஒரு கோடிதான். அதற்குள் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. டைனோசர்கள் அழிந்த காலத்தில் அது பிறக்கவே இல்லை.