சுண்டிவிடும் கால்பந்துக்கு ஒரு தேசியச் சுற்று: நெல்லையிலிருந்து தொடங்கும் முறை

மேசைக் கால்பந்து என்றதும் பலருக்குக் கம்பியைப் பிடித்துத் திருகும் ஃபூஸ்பால் மேசைதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது வேறு. துணி விரித்த பலகையில், வட்ட அடியில் நிற்கும் சின்னஞ்சிறு வீரர்களை விரலால் சுண்டி ஆடும் சுபுட்டியோ வகை ஆட்டம். சுபுட்டியோவைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸைச் சேர்ந்த பீட்டர் அடால்ஃப். 1946-இல் விளம்பரம் செய்தார், 1947-இல் முதல் பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் வீரர்கள் வெறும் அட்டை, அடிப்பாகம் பொத்தானும் வாஷரும். ஆடுகளம் கிடையாது. ஒரு சாக்பீஸ் இருக்கும், பழைய ராணுவக் கம்பளியில் நாமே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இன்று ஃபிஸ்ட்ஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 1992 முதல் இதன் விதிகளையும் தரவரிசையையும் கவனித்துவருகிறது. 2024 செப்டம்பரில் உலகக் கோப்பை அதே டன்பிரிட்ஜ் வெல்ஸில் நடந்தது.

கேரம் சுண்டிப் பழகிய விரல்கள் நம் பக்கத்தில் தெருவுக்குப் பத்து உண்டு. ஆகவே ஊர் ஊராகப் போட்டி வைத்து, புள்ளிகளைக் கூட்டித் தரவரிசை போடும் ஒரு சுற்றுக்கு ஆள் சேர்ப்பது பெரிய பாடு அல்ல. பாளையங்கோட்டையில் வாங்கிய புள்ளிக்கும் பெங்களூருவில் வாங்கிய புள்ளிக்கும் எடை ஒன்றாக இருக்க வேண்டும், அங்கேதான் பாடு. ஊருக்கு ஊர் துணி வேறு, மேசை உயரம் வேறு, நடுவர் சொல்லும் விதி வேறு என்றால், தரவரிசைப் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது ஆண்டே சுற்று நின்றுபோகும்.

பலகை ஊருடையது, துணி சுற்றினுடையது

பலகையை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது வீண் வேலை. ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் அனுப்பி, அந்தந்த ஊர் ஆசாரியிடமே செய்துகொள்ளச் சொல்லுங்கள். 18 மி.மீ. பிளைவுட், 6×4 அடி ஷீட். அதை வெட்டவே வேண்டாம். ஆடுகளத் துணி ஏறத்தாழ ஐந்தடிக்கு மூன்றரை அடிதான் வரும், சுற்றிலும் மிஞ்சும் இடத்தில் ஆட்டக்காரர் கையை ஊன்றிக்கொள்ளலாம். அடியில் 2×1 அங்குல ரீப்பரில் சட்டம், நடுவில் குறுக்கே இரண்டு. இந்தக் குறுக்குச் சட்டத்தை மிச்சம் பிடித்தால் ஒரு மழைக்காலத்துக்குள் பலகை நடுவில் தொய்யும். அப்புறம் பந்து எங்கே விட்டாலும் நடுவட்டத்துக்கே ஓடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மட்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஒருமுறை நனைந்தால் ஓரம் ஊதிவிடும். வேனில் ஏற்றி இறக்கும் பலகைக்கு அது ஆகாது.

பலகையின் ஓரமெல்லாம் 5 செ.மீ. உயரத்துக்குத் தடுப்புக் கட்டை வையுங்கள். இல்லையென்றால் வேகமாகச் சுண்டிய வீரர் மொசைக் தரையில் விழுந்து கால் முறிவார். மேசையைச் சுற்றித் தரையில் கோரைப் பாய் விரித்தால் அந்தச் சேதம் இன்னும் குறையும். தரையிலிருந்து ஆடுகளம் 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பள்ளிக்கூடப் பெஞ்சு மேல் அப்படியே வைத்தால் தாழ்ந்துவிடும், மாலைக்குள் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

துணி மட்டும் சுற்றுக்குச் சொந்தம். ஒரே நிறுவனத்தின், ஒரே ரகத் துணி எட்டு வாங்கி, அதையே ஊர் ஊராக அனுப்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதால் சுங்கத்தில் தாமதமாகலாம், முதல் போட்டிக்கு மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். விரிக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து, இருபக்கப் பசை நாடாவால் ஒட்டுங்கள். சுருக்கம் போகவில்லையென்றால் மேலே ஒரு பருத்தி வேட்டியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் மிகக் குறைந்த சூட்டில் தேய்த்துவிடுங்கள். நேரடியாகத் தேய்த்தால் செயற்கை இழை உருகிப் பளபளவென்று ஒரு தழும்பு விழும். பந்து அந்த இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பிறகு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அதோடு விடாமல், பந்தை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்து ஐந்தைந்து விநாடி கவனியுங்கள். ரசமட்டத்தில் தெரியாத சரிவு பந்துக்குத் தெரியும். உருளும் பக்கத்து மேசைக்காலின் கீழ் அட்டையை மடித்து வைத்தால் போதும்.

இரண்டு எதிரிகள் இங்கே உண்டு. ஒன்று மின்விசிறி. நம் ஊர் வெயிலில் விசிறி இல்லாமல் ஆட முடியாது, ஆனால் இந்தப் பந்து பஞ்சு மாதிரி லேசு. நின்று சுழலும் விசிறியின் காற்று ஒருமுறை மேசையைக் கடந்தாலே பந்து அசையும். சீலிங் விசிறிக்கு நேர் கீழே மேசை போடாதீர்கள். நிற்கும் விசிறிகளை ஆளை நோக்கி, மேசை மட்டத்துக்குக் கீழே திருப்பி வையுங்கள். இன்னொன்று நெய். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அல்வா கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும். பரிசளிப்பு முடிந்த பின் கொடுங்கள். நெய் விரல் பட்ட துணியில் தூசி ஒட்டும், வீரரின் அடிப்பாகத்தில் பட்டால் அது வழுக்கவும் செய்யாது, நிற்கவும் செய்யாது. கைகழுவச் சோப்பும் உலர்ந்த துண்டும் வாசலிலேயே இருக்கட்டும்.

விதியில் எங்கே சறுக்கும்

ஃபிஸ்ட்ஃப் விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளூர்த் திருத்தம் எதுவும் வேண்டாம். பாதிக்கு 15 நிமிடமாக இரண்டு பாதி. ஒரே வீரர் தொடர்ந்து மூன்று சுண்டுக்கு மேல் பந்தைத் தொடக்கூடாது. தாக்குபவரின் ஒவ்வொரு சுண்டுக்கும் எதிராளிக்கு ஒரு தடுப்புச் சுண்டு உண்டு, அதில் பந்து படக்கூடாது. கோல் அடிக்க, எதிராளியின் பாதியில் கோலுக்கு முன்னால் குறுக்கே போட்டிருக்கும் ஷூட்டிங் கோட்டைப் பந்து முழுவதும் தாண்டியிருக்க வேண்டும்.

கேரம் ஆட்டக்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கட்டைவிரலில் கொக்கி போட்டு, விரலை இறுக்கி விட்டால்தான் கேரமில் வேகம் வரும். இங்கே அது தவறு. சுண்டும் விரல் வேறெந்த விரலின் முட்டுமின்றித் தனியாக நிற்க வேண்டும், நகம்தான் அடிப்பாகத்தில் பட வேண்டும். தள்ளவும் கூடாது. முதல் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே, இந்த ஒரு பழக்கத்தை மாற்ற மட்டும் இரண்டு ஞாயிறு பயிற்சி வையுங்கள்.

நடுவர் மேசையின் நடுக்கோட்டருகே நின்று, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று. வெளிமாநிலத்தார் ஆடினால் ஒன், டூ, த்ரீ. மனதுக்குள் எண்ணும் நடுவரால்தான் பாதிச் சண்டை வருகிறது. மீதி, பந்து எதிராளி வீரர் மேல் உரசியதா என்பதில். "அண்ணாச்சி, பந்து என் ஆள் மேல பட்டுச்சு, பாத்தியளா?" என்று பையன் கேட்டால், "பாத்தேன் தம்பி, ஆட்டம் உன் பக்கம்" என்றோ, "படல, ஆடுங்க" என்றோ உடனே பதில் வர வேண்டும். யோசித்துச் சொல்லும் சரியான தீர்ப்பைவிட உடனே சொல்லும் தீர்ப்பு ஆட்டத்தைக் காப்பாற்றும்.

தனியாக நடுவர்களுக்குப் பணம் கொடுக்க எந்த ஊராலும் முடியாது. ஆடாமல் இருப்பவர்தான் நடுவர். ஒருவர் ஆட்டத்துக்கு அவருடைய ஊர்க்காரரையே நடுவராகப் போடாதீர்கள். தோற்றவர்கள் மதியமே பஸ் ஏறிவிடுவார்கள், நாக் அவுட் சுற்றுக்கு நடுவரே இருக்க மாட்டார். இதற்கு ஒரே வழி, நுழைவுக் கட்டணத்தோடு 100 ரூபாய் வைப்புத்தொகை வாங்கி, கடைசி நடுவர் வேலை முடிந்ததும் கையில் திருப்பித் தருவது.

ஒரு நாளின் கணக்கு

நான்கு பேருக்கு ஒரு மேசை. இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும். 32 பேர் என்றால் எட்டுக் குழு, எட்டு மேசை. குழுவுக்கு ஆறு ஆட்டம், ஆக மொத்தம் 48. ஒரு நேரத்தில் 16 பேர் ஆடுவார்கள், எட்டுப் பேர் நடுவர், எட்டுப் பேருக்கு ஓய்வு. ஆட்டத்துக்கு 30 நிமிடம், இடைவேளைக்கு 3, முடிவை எழுதி அடுத்தவர் வீரர்களை அடுக்க 12, மொத்தம் 45 நிமிடம். காலை 9-க்குத் தொடங்கினால் ஆறு சுற்றும் 1.30-க்கு முடியும். 2.15 முதல் நாக் அவுட்: குழுவுக்கு இருவராகப் பதினாறு பேர், நான்கு சுற்று. கூடுதல் நேரமும் பெனால்டிச் சுண்டும் வரலாம் என்பதால் சுற்றுக்கு ஒரு மணி நேரம். 6.15-க்கு இறுதி ஆட்டம் முடியும், ராத்திரி ரயிலைப் பிடிக்க நேரம் இருக்கும். மேசை ஆறுதான் இருக்கிறது என்றால் 24 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இன்னும் ரெண்டு பேரு" என்று சேர்த்தால் நள்ளிரவு ஆகும்.

எல்லா மேசைக்கும் ஒரே கடிகாரம். ஒரு போன், பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி, கரண்ட் போனாலும் சத்தம் கேட்க ஒரு விசில். ஒலி எழும்போது பந்து ஓடிக்கொண்டிருந்தால் என்ன தீர்ப்பு என்பதைக் காலையிலேயே எல்லோர் முன்னும் படித்துவிடுங்கள். குழுவில் சமநிலை வந்தால் பார்க்கும் வரிசையும் அதே தாளில் இருக்கட்டும்: முதலில் நேரடி ஆட்டம், பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. ஐந்து நிமிடம் தாண்டி வருபவருக்கு 0-3 தோல்வி, முகம் பார்க்காமல்.

குலுக்கலில், தரவரிசையின் முதல் எட்டுப் பேரைக் குழுவுக்கு ஒருவராகப் பிரியுங்கள். ஒரே ஊர்க்காரர்களையும் பிரியுங்கள். தூத்துக்குடியிலிருந்து கோவை வரை போய், தூத்துக்குடிக்காரரோடேயே ஆடிவிட்டுத் திரும்பினால் அடுத்த முறை வர மாட்டார்.

புள்ளி

32 பேர் போட்டியில் முதலிடம் 100, இரண்டாமிடம் 70, அரையிறுதியில் தோற்றவர் 50, கால் இறுதி 30, பதினாறுக்குள் வந்தவர் 15, குழுவோடு நின்றவர் 5. அந்த 5 முக்கியம், வந்தவர் யாரும் வெறுங்கையோடு போகக்கூடாது. 16 முதல் 31 பேர் வந்த போட்டிக்கு முக்கால் பங்கு, 8 முதல் 15 வரை பாதி. எட்டுக்குக் கீழ் புள்ளியே இல்லை. இல்லாவிட்டால் சின்ன ஊரில் ஆறு நண்பர்கள் கூடி முதலிடத்தை அள்ளிவிடுவார்கள்.

ஆண்டுக்கு ஆறு போட்டி, அதில் ஒருவரின் சிறந்த நான்கு மட்டும் கணக்கு. ஆறையும் கணக்கில் எடுத்தால் ரயில் டிக்கெட்டுக்குப் பணம் உள்ளவர்தான் சாம்பியன் ஆவார். இது எங்களுக்கு உறுதியான கருத்து, எந்த ஊர் கேட்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 12, 16, 20 வயதுக்குட்பட்டோர், பெண்கள், மூத்தோர் என்று தனிப்பட்டியல்கள் வேண்டும், ஆனால் ஒரு பிரிவில் எட்டுப் பேர் சேரும் வரை அவர்களும் பொதுப் பிரிவிலேயே ஆடட்டும்.

முதல் ஆண்டு திருநெல்வேலி, மதுரை, கோவை, சென்னை, திருவனந்தபுரம், பெங்களூரு. இரண்டாம் ஆண்டு, கால்பந்து ரத்தத்தில் ஊறிய கோவாவும் கொல்கத்தாவும். நான்கு மாநில ஆட்டக்காரர்களாவது பட்டியலில் வரும் வரை "தேசிய" என்ற சொல்லைச் சுவரொட்டியில் போடாதீர்கள்.

தேதி

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே தேதியை 90 நாளுக்கு முன் அறிவித்தால்தான், திறக்கும் நாளன்றே எல்லோரும் பதிவார்கள். நெல்லைப் போட்டிக்கு ஆனித் தேரோட்ட வாரம் ஆகாது, விடுதி கிடைக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு, பள்ளி அரங்கமும் பிள்ளைகளும் கிடைக்க மாட்டார்கள். பொங்கலுக்கு ரயிலில் இடமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17 இரவு, வெள்ளத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை. மிஞ்சுவது பிப்ரவரி முதல் பாதி, மே, ஆகஸ்ட், செப்டம்பர். மே மாதம் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள், அரங்கமும் காலி. வெயிலைத் தாங்க முடிந்தால் அதுவே நல்ல மாதம். ஒத்திவைத்தால் கட்டணம் முழுதும் திரும்பும் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பதிவும் பணமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதியலாம். அரசு ஆதரவு இருப்பது போலத் தோன்றும் பெயர் வைத்தால் மனு திரும்பும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், ஒருவரின் ஜிபே எண்ணில் பணம் சேர்ந்தால் ஆறு மாதத்தில் மனக்கசப்பு வரும். ஒருவருக்கு 300 ரூபாய் வைத்தால் 32 பேருக்கு 9,600. அரங்கம், சாப்பாடு, கோப்பை, துணி அனுப்பும் செலவு எல்லாம் இதற்குள் அடங்குமாறு பாருங்கள். ரொக்கப் பரிசு வேண்டாம். அந்தப் பணத்தை வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் செலவுக்குக் கொடுங்கள்.

போட்டி முடிந்த இரவே முடிவுகளைப் பட்டியலில் ஏற்றி, துணிகளைக் கட்டுங்கள். மென்மையான பிரஷால் ஒரே திசையில் தூசி தட்டி, மடிக்காமல், மூன்றங்குல பி.வி.சி. குழாயில், கோடு போட்ட பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள். மடித்த துணியில் விழும் கோடு அந்த ஆண்டு முழுவதும் போகாது. குழாய்க்கு ஒரு எண், எந்தத் துணியில் எங்கே கறை, எங்கே தேய்மானம் என்று ஒரு சீட்டு. அடுத்த ஊருக்கு அது போட்டிக்குப் பத்து நாள் முன்பே போய்ச் சேர வேண்டும்.