ஒன்பது இலக்கப் புதிரைப் பைத்தனில் அவிழ்ப்பது

திருகோணமலை உவர்மலையில் பின்னேர வகுப்புக்கு வரும் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைத்தன் என்ற கணினி மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் கட்டளை) படிப்பிக்கும்போது நான் கொடுக்கிற புதிர் இது. 1 முதல் 9 வரையான இலக்கங்கள் ஒவ்வொன்றையும் ஒரேயொரு தடவை பாவித்து ஓர் எண் எழுதவேண்டும். முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த எண் 2 ஆலும், முதல் மூன்று சேர்ந்தது 3 ஆலும், இப்படியே போய் முழு எண் 9 ஆலும் மீதியில்லாமல் வகுபடவேண்டும்.

அனேகமானோர் ஒன்பது லூப்பை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுவார்கள். அது 387,420,489 சுற்று. இலக்கங்களை இடம் மாற்றி அடுக்கினால் 362,880 தான், விடையும் வரும். ஆனால் எனக்கு அதுவும் பிடிக்காது. 13 என்று தொடங்குகிற எண் இரண்டாம் இலக்கத்திலேயே தோற்றுவிட்டது. அதற்குப் பின்னால் வரும் 5,040 எண்களையும் ஏன் சோதிக்கவேண்டும்?

ஆகவே ஒவ்வோர் இலக்கமாக வளர்த்துப் போங்கள். 1 முதல் 9 வரை ஒரு பட்டியல் எடுங்கள். அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் 10 ஆல் பெருக்கி, அதில் இல்லாத இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். (எண்ணைச் சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, மாற்றினால் இலக்கம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது சுகம்.) வந்த எண்ணை அதன் நீளத்தால் வகுத்து, மீதி 0 என்றால் மட்டும் புதிய பட்டியலில் போடுங்கள். பிறகு புதியது பழையதின் இடத்துக்கு வரும்; ஒன்பது இலக்கம் ஆகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். இலக்கங்களை எடுக்கும் ரேஞ்ச் (எண்வரிசை தரும் பைத்தன் கட்டளை) கடைசி எண்ணுக்கு முன்னமே நின்றுவிடும், அதனால் 1, 10 என்று கொடுத்தால்தான் 9 வரை போகும்.

ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலின் நீளத்தைப் பிரின்ட் பண்ணுங்கள். 9, 32, 80 என்று தொடங்கவேண்டும். வேறு ஏதாவது வந்தால் நிபந்தனையில் பிழை இருக்கிறது. கடைசியில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: 381654729.

விடை வந்ததும் பிள்ளைகள் மடிக்கணினியை மூடப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன், ஏன் ஒன்றுதான் என்று கொப்பியில் காட்டச் சொல்வேன். ஐந்தாம் இடத்தில் 5 தான் வரலாம். இரட்டை இடங்களுக்கு இரட்டை எண்கள், மற்ற இடங்களுக்கு ஒற்றை எண்கள். அத்தோடு பார்க்கவேண்டியது 576 எண்கள் ஆகிவிடும். மூன்றாம் இலக்கம் ஒற்றை என்பதால், 4 ஆல் வகுபட நான்காம் இலக்கம் 2 அல்லது 6. முதல் மூன்றும் முதல் ஆறும் 3 ஆல் வகுபடுவதால் நடுவில் உள்ள மூன்றின் கூட்டுத்தொகையும் வகுபடவேண்டும். ஆகவே அங்கே 258 அல்லது 654. எட்டாம் இடத்தையும் இப்படிப் பார்த்தால் பத்து எண்களே எஞ்சும். அதில் 987654321 கூட இருக்கிறது! அந்தப் பத்தில் ஒன்பது எண்களை நீக்குவது, முதல் ஏழு இலக்கம் 7 ஆல் வகுபடவேண்டும் என்ற நிபந்தனை. 9876543 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 5.

அடுத்த வேலை: திரும்ப வரக்கூடாது என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, தொடக்கம் தவிர மற்ற இடங்களில் 0 ஐயும் விடுங்கள். பட்டியல் 9, 45, 150 என்று பெருத்து, பிறகு மெலிந்து, 25 இலக்கத்தில் ஒரேயொரு எண்ணோடு நின்றுவிடும். 26 க்கு எதுவும் இல்லை.