கையெழுத்துக்கு முன் படிக்கவேண்டிய பக்கங்கள்: தொழிற்சங்கக் கிளைகளுக்கு ஒரு வழிகாட்டி

வண்டிகளுக்கான வயர்க் கட்டு (ஹார்னஸ்) செய்யும் எங்கள் ஆலையின் வாயிற்கூட்டத்தில், இறக்குமதி வரிகளைக் குறைக்கும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்கினேன். அசெம்பிளி லைனில் வேலை செய்யும் தோழர் ஒருவர் வந்து, “நம்ம ஹார்னஸுக்கு எந்த வருஷம் வரி போகுது தோழர்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிளைச் செயலாளராகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அன்று ராத்திரிதான் ஒரு ஒப்பந்தத்தின் முழு உரையை முதல் முறையாகத் திறந்தேன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை மற்ற கிளைகளுக்காக எழுதுகிறேன்.

முகவுரையை விட்டுவிடுங்கள். வளர்ச்சி, நட்பு, செழிப்பு எல்லாம் அங்கே இருக்கும், யாரையும் கட்டுப்படுத்தாது. நேராகக் கடைசியில் இருக்கும் சுங்கவரி அட்டவணைக்குப் போங்கள். உங்கள் ஆலைச் சரக்கின் எச்.எஸ். எண், அதாவது சுங்கத்துறை சரக்கை அடையாளம் காணும் எண், கையில் இருந்தால்தான் அதற்குள் நுழைய முடியும். அனுப்புகைப் பிரிவில் இருக்கும் தோழரைக் கேட்டால் சொல்லிவிடுவார், ஏற்றுமதி பில்லில் அச்சாகியிருக்கும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். வண்டிகளுக்கான வயரிங் ஹார்னஸ் என்றால் 8544.30. அந்த எண்ணுக்கு நேரே சரக்கின் விவரம், குறைப்பு தொடங்கும் அடிப்படை வரி, கூடவே ஓர் எழுத்துக் குறி இருக்கும். குறியின் பொருள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அட்டவணையின் தொடக்கக் குறிப்பில் விளக்கியிருப்பார்கள். வரி முதல் நாளே போகிறதா, ஐந்து தவணையிலா, பத்திலா, சரக்கு விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்பது அந்த ஒற்றை எழுத்தில் அடங்கியிருக்கிறது.

நான் ஸ்கேலை அட்டவணை வரிசைக்குக் கீழே வைத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். அப்படிச் செய்யாவிட்டால் கண் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடும். எங்கள் சரக்குக்குப் பத்து ஆண்டுத் தவணை. அந்த வருஷச் சம்பளப் பேச்சில் நிர்வாகம், “ஒப்பந்தம் வந்ததும் வரி பூஜ்யம், ஆர்டர் வெளியே போய்விடும், உயர்வு கேட்காதீர்கள்” என்றது. பென்சில் கோடு போட்ட பக்கத்தை மேசையில் வைத்தேன். அந்த வாதத்தை அவர்கள் மறுபடி எடுக்கவில்லை. அதற்காகப் பத்து ஆண்டு இருக்கிறதே என்று அசந்துவிடவும் கூடாது. ஒரு தாளில் ஆண்டுவாரியாக வரி விகிதத்தை எழுதி, பக்கத்தில் உங்கள் சம்பள ஒப்பந்தம் முடியும் ஆண்டுகளைக் குறியுங்கள். எந்தப் பேச்சுவார்த்தையில் நெருக்கடி வரும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, சரக்கு எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் விதிகள். இவை தளர்வாக இருந்தால் மூன்றாம் நாட்டுச் சரக்கு பெயருக்கு ஒரு சிறு வேலை முடித்து வரிச்சலுகையில் உள்ளே வரும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலிருந்த பழைய நாஃப்டா ஒப்பந்தத்தில், வரிச்சலுகை பெறக் காரின் மதிப்பில் 62.5 சதவீதம் அந்த மூன்று நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதன் இடத்தில் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த அமெரிக்க-மெக்சிகோ-கனடா ஒப்பந்தம் அதை 75 ஆக்கியது. அதோடு, காரின் மதிப்பில் 40 சதவீதம் மணிக்குச் சராசரியாகக் குறைந்தது 16 டாலர் கூலி தரும் இடங்களிலிருந்து வரவேண்டும் என்றது. கூலியைச் சரக்கின் விதிக்குள்ளேயே எழுத முடியும் என்பதற்கு இது சாட்சி. “அதெல்லாம் வர்த்தக ஒப்பந்தத்தில் வராது” என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

தொழிலாளர் அத்தியாயத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். முதலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 15 ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்த ஆர்.சி.இ.பி. வர்த்தக ஒப்பந்தத்தில் அது கிடையவே கிடையாது. இருந்தால் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ‘செய்யும்’ என்பது ஒரு கடமை. ‘முயலும்’ என்றிருந்தால் அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. பிறகு, தகராறு தீர்க்கும் அத்தியாயம் இதற்கும் பொருந்துமா என்று பாருங்கள். 1994-இல் நாஃப்டாவோடு வந்த தொழிலாளர் துணை ஒப்பந்தத்தில் குழந்தைத் தொழில், குறைந்தபட்சக் கூலி, பணியிடப் பாதுகாப்பு மூன்றுக்கு மட்டுமே தண்டனை வரை போக வழி இருந்தது. சங்கம் அமைக்கும் உரிமை அமைச்சர்களின் ஆலோசனையோடு நின்றுவிடும்.

குவாத்தமாலா வழக்கை ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தத்தின்படி குவாத்தமாலா தன் தொழிலாளர் சட்டங்களை அமல்படுத்தவில்லை என்று அந்நாட்டுச் சங்கங்களும் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்-சி.ஐ.ஓ.வும் 2008-இல் புகார் கொடுத்தன. 2017-இல் தீர்ப்பு வந்தது. பல பணியிடங்களில் சட்டம் அமலாகவில்லை என்பதை நடுவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் வழக்கு தோற்றது. ‘வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்’ என்ற நிபந்தனை நிரூபிக்கப்படவில்லையாம். ஒன்பது ஆண்டுக் காத்திருப்பை ஒரு சின்னச் சொற்றொடர் விழுங்கிவிட்டது. அந்தச் சொற்களை உங்கள் வரைவில் தேடுங்கள், இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

எதை எழுதச் சொல்லிக் கேட்பது? சிலாவோவைப் பாருங்கள். மெக்சிகோவில் உள்ள அந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பழைய சம்பள ஒப்பந்தம் தொடரலாமா என்று 2021-இல் நடந்த வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டன. அமெரிக்க-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தின் விரைவு நடவடிக்கை முறை நாட்டை விட்டுவிட்டு ஆலையையே நேராகப் பிடித்தது. சில மாதங்களில் மறுவாக்கெடுப்பு நடந்து தொழிலாளர் பழைய சம்பள ஒப்பந்தத்தைத் தூக்கியெறிந்தார்கள். 2022 பிப்ரவரியில் சுயேச்சைச் சங்கம் ஜெயித்தது.

முதலீட்டு அத்தியாயத்தில் ஒன்றைப் பார்த்தால் போதும்: அந்நிய முதலீட்டாளர் அரசைத் தனி நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடியுமா? பிரெஞ்சு நிறுவனமான வியோலியா 2012-இல் எகிப்து மீது தொடுத்த வழக்கில் குறைந்தபட்சக் கூலி உயர்வால் ஏற்பட்ட செலவும் ஒரு கோரிக்கை. 2018-இல் எகிப்து ஜெயித்தது, ஆனால் கூலியை உயர்த்தியதற்கு ஓர் அரசு ஆறு ஆண்டுகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் கையெழுத்துக்கு முன் நடக்கவேண்டிய வேலை. பின்னால் பல நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான் மிஞ்சும். வரைவு ரகசியம் என்பார்கள். எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். 1997-இல், வளர்ந்த நாடுகள் பேசிக்கொண்டிருந்த பலதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தின் வரைவு கசிந்தது. வெளிச்சத்தில் அது தாங்கவில்லை, அடுத்த ஆண்டே பேச்சு முறிந்தது.

துண்டறிக்கையில் ஒப்பந்தத்தின் மறுதரப்பு நாட்டுத் தொழிலாளரைப் பழிக்கும் ஒரு வரிகூட வேண்டாம். அவர்கள் சங்கத்தைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். நாங்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு போனில் பேசினோம். “நீங்கள் எங்களைவிட மலிவு என்று இங்கே சொல்கிறார்களே” என்றார் எதிர்முனைத் தோழர். எங்கள் நிர்வாகம் எங்களிடம் சொன்னதும் அதேதான். அவர்கள் கூலிப் பட்டியலை அனுப்பினார்கள், எங்களுடையதை அனுப்பினோம். அவர்களுடையதும் 8544.30 தான். இரண்டு நாட்டு அட்டவணைகளையும் அடுத்த வாரம் சேர்ந்து படிக்கிறோம்.