குளோரின் இருந்தும் பச்சையான குளம்: வீட்டு நீச்சல் குளத்தின் தண்ணீரை நாமே சரிசெய்வது எப்படி?

கோவைக்கு மேற்கே, தோட்டத்து வீட்டில் எங்கள் நீச்சல் குளம் இருக்கிறது. ஒரு சித்திரை மாதத்தில், பிள்ளைகளின் கோடை விடுமுறை தொடங்கிய வாரம், குளத்தின் படிக்கட்டு மூலையில் கையால் தொட்டால் வழுக்கும் மெல்லிய பாசி படர்ந்தது. சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் 3 பங்கு) என்று காட்டியது. புத்தகக் கணக்கில் அது போதுமான அளவு. பராமரிப்புக்கு வந்துகொண்டிருந்தவர் இன்னும் இரண்டு குளோரின் மாத்திரை போடச் சொன்னார். போட்டேன். நான்காம் நாள் காலையில் குளம் முழுக்கக் கொத்தமல்லிச் சட்னியைக் கரைத்துவிட்டது போல் இருந்தது. அப்போதும் பட்டை 3 பிபிஎம்தான் காட்டியது.

அந்த மூன்றுக்கு அர்த்தம் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதத்தை நீங்கள் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பம்ப் ஓட்டுவது, ஸ்கிம்மர் கூடையைச் சுத்தம் செய்வது, மணல் வடிகட்டியை பேக்வாஷ் செய்வது எல்லாம் குளம் வைத்திருப்பவர்களுக்குப் பழகியிருக்கும். அவற்றை விட்டுவிட்டு நேராகத் தண்ணீருக்கு வருகிறேன்.

முதலில் குளத்தின் கொள்ளளவு

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் குளம் 9 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். ஏறத்தாழ 50,000 லிட்டர். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தக் கொள்ளளவுக்கு உரியவை. உங்களுடையது 25,000 லிட்டர் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இந்த எண்ணை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

சோதனைப் பெட்டி: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

நனைத்துப் பார்க்கும் பட்டைகளை நான் இப்போது தொடுவதில்லை. மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ சொட்டு மருந்தும் வேண்டாம். அது மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினையும் சேர்த்தே கணக்குக் காட்டும். இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி முறையே நல்லது. அதிலும் ஒரு பொறி உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால், ஏறத்தாழ 10 பிபிஎம்முக்கு மேல், அந்தச் சிவப்பே வெளுத்துவிடும். நிறம் இல்லையே, குளோரின் இல்லை போலிருக்கிறது என்று மேலும் ஊற்றிவிடுவோம்.

ஆகவே டிபிடி தூளோடு சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணும் வகைப் பெட்டியை வாங்குங்கள். 10 மில்லி தண்ணீரில் தூளைப் போட்டால் ரோஜா நிறம் வரும். அது நிறமற்றதாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். என்னுடைய பெட்டியில் ஒரு சொட்டு 0.5 பிபிஎம். எட்டாவது சொட்டில் நிறம் போனால் 4 பிபிஎம். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, சயனூரிக் அமிலம் ஆகியவற்றுக்கான சோதனைகளும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

என்னைத் தடுக்கி விழவைத்த இடம்: சயனூரிக் அமிலம்

வெயில் குளோரினைத் தின்றுவிடும். பாதுகாப்பு ஏதும் இல்லாத தண்ணீரில் மதிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். சயனூரிக் அமிலம் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கிறது. ஆகவே திறந்தவெளிக் குளத்துக்கு அது தேவை. ஆனால் பிடித்து வைக்கப்பட்ட குளோரினால் உடனே பாசியைக் கொல்ல முடியாது. சயனூரிக் அமிலம் கூடக் கூட, அதே 3 பிபிஎம் குளோரினின் வீரியம் குறைந்துகொண்டே போகும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். கடையில் டிசிசிஏ 90 என்று விற்கும் மாத்திரை, தூள் இரண்டுமே குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த ஒரே பொருள். அது 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் தண்ணீரில் விட்டுச் செல்கிறது. குளோரின் தினமும் செலவாகிவிடும். சயனூரிக் அமிலம் செலவாகாது. ஆவியாகாது. மணல் வடிகட்டியில் நிற்காது. கோடையில் ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் தேவைப்படும் குளத்தில் மாத்திரையை மட்டுமே நம்பினால், மாதம் 36 பிபிஎம் சேரும். மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனமே 100-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நான் இரண்டு ஆண்டுகளாக மாத்திரைதான் போட்டு வந்தேன்.

இதைச் சோதிக்கும் விதம்: குளத்துத் தண்ணீரையும் பெட்டியில் உள்ள மருந்தையும் சம அளவு கலந்து குலுக்க வேண்டும். பால் தெளித்தது போல் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குறுகிய குழாயில் அதைச் சிறிது சிறிதாக ஊற்றி, மேலிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் உள்ள எண்ணே அளவு. வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க, குழாயை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு சட்டென்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். உற்றுப் பார்த்தால் மறைந்த புள்ளியும் தெரிவது போலவே இருக்கும். நானும் மனைவியும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்கிறோம்.

முதல்முறை ஊற்றியபோது குழாயின் அடியில் விரற்கடை அளவு நிரம்பும் முன்பே புள்ளி காணாமல் போனது. குழாயின் கடைசிக் கோடு 100. அதற்கும் கீழே, அதாவது அளவு 100-க்கும் மேல். இப்படி ஆனால், குளத்துத் தண்ணீரில் அதே அளவு நல்ல தண்ணீரைக் கலந்து மறுபடி சோதித்து, விடையை இரண்டால் பெருக்குங்கள். எனக்கு 90 வந்தது. அதாவது 180.

வெளிப்புறக் குளத்துக்கு நான் பின்பற்றும் கணக்கு இதுதான்: குளோரின் எப்போதும் சயனூரிக் அமிலத்தில் 7.5 சதவீதம் இருக்க வேண்டும். 40 இருந்தால் 3 பிபிஎம் போதும். 180 இருந்தால் 13 பிபிஎம்முக்கு மேல் வேண்டும். என் மூன்று ஏன் பயனற்றுப் போனது என்பது அன்றுதான் விளங்கியது. 2024-இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் குழந்தைகள் இறந்த செய்திகளைப் படித்தவன் நான். வெதுவெதுப்பான, குளோரின் வேலை செய்யாத நீரில் வளரும் உயிரி அது. பட்டை காட்டிய எண்ணை நம்பிப் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்கியிருக்கிறேன் என்ற நினைப்பு இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

தண்ணீரை மாற்றுதல்

சயனூரிக் அமிலத்தைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான வழி, தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புவது ஒன்றுதான். ஒரே மூச்சில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 33,000 லிட்டரை இறைத்திருந்தால் 180 என்பது 60 ஆகியிருக்கும். ஆனால் சித்திரை வெயில் காலித் தொட்டியில் அடித்தால் டைல்ஸ் பெயரும் என்று பயந்தேன். போர்வெல்லும் அவ்வளவு தாங்காது. ஆகவே பாதி இறைத்து நிரப்பினேன், 90 ஆனது. அடுத்த வாரம் மறுபடி பாதி, 45 ஆனது. குளோரின் போடுவதை நிறுத்தி, அது பூஜ்யம் என்று சோதித்த பிறகே இறைத்த தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சினோம்.

மழைக்காலத்தில் குளத்தை வெறுமையாக்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது காலிக் குளத்தை அது அடியிலிருந்து தூக்கிவிடும்.

பாசியைக் கொல்லுதல்

இதற்கு நான் பயன்படுத்துவது திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீதம் உள்ளது 500 மில்லி ஊற்றினால் எங்கள் குளத்தில் 1 பிபிஎம் கூடும். முதலில் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) விட்டு பி.எச்.சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் 10-ஐத் தாண்டிய பிறகு பி.எச். சோதனை சரியாக வராது. பிறகு சயனூரிக் அமிலத்தில் 40 சதவீதம் என்ற அளவுக்குக் குளோரினை ஏற்றுங்கள். எனக்கு 45-க்கு 18 பிபிஎம், ஆக 9 லிட்டர். ஏற்றினால் போதாது, அந்த அளவில் நிறுத்தியும் வைக்க வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பம்ப் நிற்காமல் ஓட வேண்டும். சுவரையும் படிகளையும், முக்கியமாக ஏணியின் பின்புறத்தையும் தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறி, பிறகு தெளியும். தெளிந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். இரவு பொழுது சாய்ந்தபின் ஒருமுறை, விடியும்முன் ஒருமுறை சோதியுங்கள். வெயிலே இல்லாத அந்த நேரத்தில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்தால் உள்ளே இன்னும் பாசி உயிரோடு இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு ஆறு நாள் ஆனது. குளோரின் இறங்கும்வரை யாரும் குளிக்கக் கூடாது.

மயில்துத்தம் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் சுவரைக் கறையாக்கும், வெளிர்ந்த தலைமுடியைப் பச்சையாக்கும். போட்டபின் எடுக்கவும் முடியாது. பிளீச்சிங் பவுடரும் நம் ஊர்க் கடினத் தண்ணீருக்கு ஏற்றதில்லை. சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு சேர்ப்பதாகிவிடும்.

போர்வெல் தண்ணீரின் பி.எச். தலைவலி

சிறுவாணித் தண்ணீரால் குளத்தை நிரப்பும் பாக்கியம் யாருக்கும் இல்லை. எங்கள் போர்வெல்லில் காரத்தன்மை 310 பிபிஎம். அது அதிகமாக இருந்தால் பி.எச். தானாக ஏறிக்கொண்டே இருக்கும். மாத்திரை போட்ட காலத்தில் இது தெரியவில்லை. காரணம், டிசிசிஏ அமிலத் தன்மை உடையது. காரத்தைத் தானே தின்றுவந்தது. திரவக் குளோரினுக்கு மாறியதும் மூன்று நாளில் பி.எச். 8.2-க்கு ஏறியது. பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். ஏறினால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் படிவு வரும், கண் எரியும்.

இதற்கு மருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம். 30 சதவீத ஆசிட் ஒரு லிட்டர், எங்கள் குளத்தின் காரத்தன்மையை ஏறத்தாழ 10 பிபிஎம் குறைக்கும். ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்கு மேல் நான் ஊற்றுவதில்லை. ஆசிட் ஊற்றி 7.2-க்கு இறக்குவது, தண்ணீர் திரும்பி வரும் குழாயை மேல்நோக்கித் திருப்பி நீரைச் சலசலக்க விடுவது, பி.எச். தானாக ஏறியதும் மறுபடி ஆசிட். இப்படி ஐந்து வாரத்தில் காரத்தன்மை 90-க்கு வந்தது. இப்போது பி.எச். வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. கழிவறை கழுவும் மஞ்சள் ஆசிட் வேண்டாம், அதில் இரும்பு இருக்கும். தெளிந்த நிறத்தில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒன்றாகச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். டிசிசிஏ தூளும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பற்றவே கூடும். ஒருநாள் குளோரின் அளந்த குவளையிலேயே ஆசிட்டை ஊற்றியபோது, அடியில் ஒட்டியிருந்த சில துளிகளுக்கே மூச்சு அடைத்து நாங்கள் வெளியே ஓட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து சிவப்புக் குவளை ஆசிட்டுக்கு, நீலம் குளோரினுக்கு. இரண்டும் வெவ்வேறு அறையில்.

அன்றாட வழக்கம்

மாலை ஆறரைக்குச் சோதிக்கிறேன், வெயில் தாழ்ந்தபின் குளோரின் ஊற்றுகிறேன். கோடையில் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். பி.எச். வாரம் இருமுறை, சயனூரிக் அமிலம் மாதம் ஒருமுறை. மொத்தம் பத்து நிமிட வேலை. மாத்திரையை ஊருக்குப் போகும் வாரத்தில் மட்டும் மிதக்க விடுகிறேன்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்த சிலர், கணக்குப்படி ஊற்றியும் குளோரின் ஏறவில்லை என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் கேனின் வயதுதான் காரணம். திரவக் குளோரின் வெப்பத்தில் பலம் இழக்கும். ஊசிக் குழாயால் 1 மில்லி எடுத்து, 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து சோதியுங்கள். 10 பிபிஎம் காட்டினால் அது 10 சதவீதம். எனக்கு மொட்டை மாடியில் கிடந்த கேன் 6 காட்டியது. அந்தக் கேனில் கணக்குப்படி ஊற்றியிருந்தால் பாதியளவுக்குச் சற்று மேல்தான் ஏறியிருக்கும்.

இன்னொருவருக்குக் குழாய் நிறைய ஊற்றியும் கறுப்புப் புள்ளி மறையவில்லை. சயனூரிக் அமிலம் 30-க்கும் கீழே என்று பொருள். ஐப்பசி மழையில் குளம் வழிந்தோடியபின் எங்களுக்கும் அப்படித்தான் ஆகிறது. அரை கிலோ சயனூரிக் அமிலத் தூள் எங்கள் குளத்தில் 10 பிபிஎம் கூட்டும். அதைப் பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் குழாயின் முன் தொங்கவிட்டு, அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். சோதனையில் முழு அளவு தெரிய ஒரு வாரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இரண்டாவது காலுறையைக் கட்டிவிடாதீர்கள்.