மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: கார்டியாலஜியில் இருந்து தொடங்குங்கள்

"லாத்தா, நீங்க ராத்திரி செய்ற அந்த டைப்பிங் வேலைய எனக்கும் சொல்லிக் குடுங்க." கீழக்கரையில் எங்கள் தெருவில் இதைக் கேட்காத பிள்ளை குறைவு. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள் கேட்பாள். மாப்பிள்ளை சவுதியில் இருக்க, கைக்குழந்தையோடு இருப்பவளும் கேட்பாள். எல்லோருக்கும் இது டைப்பிங் வேலை. என் கணக்கில் விரல் வேகத்துக்கு மூன்றாவது இடம்தான். உடம்பைப் பற்றிய அறிவு முதலில், ஆங்கிலம் கேட்கும் காது அடுத்தது. வேகம் ஆறு மாதத்தில் தானாக வரும். மற்ற இரண்டும் உட்கார்ந்து படித்தால்தான் வரும்.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததையும் செய்ததையும் போனிலோ ரெக்கார்டரிலோ பேசிவிட்டுப் போகிறார். அந்த ஆடியோவை நாம் மருத்துவ அறிக்கையாக மாற்றித் தர வேண்டும். நமக்கு இரவு ஏழு மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. அதனால் வேலை வந்து குவிவது நம் இரவில்தான். சம்பளம் எழுதும் வரிகளின் கணக்கில். இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி என்பது இந்தத் தொழிலில் பரவலான அளவு.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர், காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஆடியோவை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு ஃபுட் பெடல். எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் மாதிரி ஒரு மென்பொருள் போதும். பெடலில் இருந்து காலை எடுத்தால் ஆடியோ ஒன்றிரண்டு நொடி பின்னால் போய் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் முனை தவறாது. நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று: கடல் காற்றில் பெடலின் ஸ்பிரிங்கும் ஹெட்போன் பின்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, மூடி போட்ட ஓலைப்பெட்டியில் வையுங்கள். உம்மா தொதல் வைத்திருந்த பெட்டி வேண்டாம், எறும்பு வரும்.

இனி பாடம். பலர் பொது மருத்துவத்தில் தொடங்கச் சொல்வார்கள். நான் கார்டியாலஜியில் தொடங்கச் சொல்வேன். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் இதய அறிக்கைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எக்கோ (இதய ஸ்கேன்) என்றால் இடது வென்ட்ரிக்கிள் என்ற கீழறை, அதன் சுவர், ஏட்ரியம் என்ற மேலறை, நான்கு வால்வு, கடைசியில் முடிவு என்று பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். பத்து அறிக்கை படித்தால் பதினோராவதில் அடுத்து எது வரும் என்று காது முன்கூட்டியே காத்திருக்கும். பொது மருத்துவர் பேச்சில் நாய்க்கடியும் வரும், நீரிழிவும் வரும், மருமகள் சண்டையும் வரும்.

முதல் வாரம் ஹெட்போனைத் தொடாதீர்கள். இதயத்தின் படத்தைக் கையால் வரையுங்கள். ரத்தம் வலது ஏட்ரியத்தில் நுழைந்து, டிரைகஸ்பிட் வால்வைத் தாண்டி, நுரையீரல் போய் வந்து, மைட்ரல் வால்வைத் தாண்டி, அயோர்ட்டா என்ற பெருந்தமனி வழியாக வெளியேறும் வரை விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். பிறகு இதயத்துக்கே ரத்தம் தரும் கொரோனரி ரத்தக்குழாய்கள். இடப்பக்கம் லெஃப்ட் மெயின், அது எல்.ஏ.டி. (லெஃப்ட் ஆன்டீரியர் டிசெண்டிங்) என்றும் சர்கம்ஃப்ளெக்ஸ் என்றும் பிரிகிறது. எல்.ஏ.டி.யில் இருந்து டயகனல் கிளைகள், சர்கம்ஃப்ளெக்ஸில் இருந்து அப்டியூஸ் மார்ஜினல் கிளைகள். வலப்பக்கம் ஆர்.சி.ஏ., அதாவது ரைட் கொரோனரி ஆர்ட்டரி.

இந்தப் படம் எதற்கு? ஆடியோ கரகரக்கிறது, எல்.ஏ.டி.யின் அப்டியூஸ் மார்ஜினல் கிளையில் 80 சதவீத அடைப்பு என்று கேட்கிறது என்று வையுங்கள். ஏர்வாடி போகிற பஸ் மண்டபம் வழியாகப் போகாது. ராமநாதபுரத்தில் பாதை எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தவருக்கு டிக்கெட்டைப் பார்த்ததுமே சந்தேகம் வரும். இங்கேயும் அப்படித்தான்: மார்ஜினல் எல்.ஏ.டி.யின் கிளை இல்லை. ஒன்று, நீங்கள் டயகனலை மார்ஜினலாகக் கேட்டிருக்கிறீர்கள். இல்லையென்றால் டாக்டரே மாற்றிச் சொல்லிவிட்டார். திரும்பக் கேளுங்கள். டாக்டர் சொன்னதே அதுதான் என்றால் நீங்களாகத் திருத்தாதீர்கள், குறிப்பு எழுதி அனுப்புங்கள். படம் மனதில் இல்லாதவருக்கு அந்தச் சந்தேகமே வராது.

எண்கள்

கார்டியாலஜியில் ஆளைக் கவிழ்ப்பது பெரிய மருத்துவச் சொல் இல்லை. எழுத்து தவறினால் ஸ்பெல் செக் பிடிக்கும். எண் தவறினால் யாரும் பிடிக்க மாட்டார்கள்.

எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன், சுருக்கமாக ஈ.எஃப்., ஒவ்வொரு துடிப்பிலும் இடது வென்ட்ரிக்கிள் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. ஏறக்குறைய 55 முதல் 70 வரை இயல்பு. டாக்டர் வேகமாகச் சொல்லும்போது ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகவே கேட்கும். 50 என்றால் கொஞ்சம் குறைவு. 15 என்றால் இதயம் தளர்ந்துபோன நிலை. காதை மட்டும் நம்பாமல் அறிக்கையின் மற்ற பகுதிகளைப் பாருங்கள். வென்ட்ரிக்கிள் விரிந்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, நீரை வெளியேற்றும் ஃபியூரோசமைடும் ஸ்பைரனோலாக்டோனும் கொடுக்கிறார்கள், துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி வைப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்றால் 15 பக்கம் சாயலாம். ஆனால் சாய்வது வேறு, எழுதுவது வேறு. திரும்பத் திரும்பக் கேட்டும் காதுக்குத் தெளிவாகவில்லை என்றால் இடத்தைக் காலியாக விட்டு நேரத்தைக் குறியுங்கள்.

பூஜ்ஜியத்துக்குத் தனி மரியாதை. மருந்தின் அளவில் புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம்: டிகாக்சின் 0.125 மி.கி. முன்னால் உள்ளதை விட்டால், புள்ளி கண்ணில் படாத நர்ஸுக்கு அது 125. அதேபோல் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்ஜியமும் கூடாது. வார்ஃபரின் 5 மி.கி. என்றே எழுத வேண்டும், 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004இல் கொண்டுவந்த 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் இரண்டும் உண்டு. தினம் ஒருமுறை என்பதற்கு கியூ.டி., யூனிட் என்பதற்கு யூ என்று சுருக்குவதும் அதே பட்டியலில் தடை. டாக்டர் சுருக்கிச் சொன்னாலும் நாம் விரித்து எழுத வேண்டும்.

புதியவர்கள் இந்த விதியைக் கற்றதும் அடுத்த குழியில் விழுவார்கள். ஸ்டென்ட் அளவு 3.0 பெருக்கல் 18 மி.மீ. என்று டாக்டர் சொல்வார். இவர்கள் விதி நினைவு வந்து 3 என்று எழுதிவிடுவார்கள். அங்கே பூஜ்ஜியம் இருக்க வேண்டும். அளவின் துல்லியத்தைக் காட்ட வேண்டிய ஆய்வக முடிவு, ஸ்கேனில் அளந்த கட்டியின் அளவு, கத்தீட்டர் மாதிரி கருவி அளவு இவற்றுக்கெல்லாம் விதிவிலக்கு உண்டு. மருந்தா, சாமானா என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

சில எண்கள் சரியா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரெட்மில் சோதனையில் 220இல் வயதைக் கழித்து அதில் 85 சதவீதத்தை நிமிடத் துடிப்பின் இலக்காக வைப்பது வழக்கம். நோயாளிக்கு வயது 60 என்றால் இலக்கு 136. ஆடியோவில் 163 மாதிரி கேட்டால் ஏதோ இடிக்கிறது. புரூஸ் முறை என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டம் மணிக்கு 1.7 மைல் வேகம், 10 சதவீத ஏற்றம். ஏழு நிமிடம் ஓடியவர் மூன்றாம் கட்டத்தில்தான் இருக்க முடியும். ஆஞ்சியோவில் 6 ஃபிரெஞ்ச் ஷீத், ஜட்கின்ஸ் லெஃப்ட் 4 கத்தீட்டர் என்று குழாய்களின் அளவு வரும், டிமி 3 ஃபுளோ என்று ரத்த ஓட்டத்தின் அளவும் வரும். டிமி அளவு 0 முதல் 3 வரைதான்; டிமி 4 என்று கேட்டால் உங்கள் காதில் கோளாறு. மர்மர் என்ற இதய முணுமுணுப்பு ஒலியை ஆறு படிகளில் அளந்து, ஆறில் இரண்டு என்பார்கள். இதயத் தளர்ச்சியின் கடுமையைச் சொல்லும் நியூயார்க் ஹார்ட் அசோசியேஷன் வகுப்பு ரோமன் எண்ணில் ஒன்றிலிருந்து நான்கு வரை. இவற்றையெல்லாம் சிறு நோட்டில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

மருந்துப் பெயரில் பாதியை விழுங்கும் டாக்டர்கள் ஏராளம். மெட்டோப்ரோலால் என்று நிறுத்துவார். டார்ட்ரேட் வகையா, சக்சினேட் வகையா என்று சொல்ல மாட்டார். டார்ட்ரேட் வழக்கமாகத் தினம் இருவேளை, சக்சினேட் ஒருவேளை. வேளையை வைத்து எது என்று ஊகிக்கலாம். ஊகித்ததை எழுதக் கூடாது. மெட்டோப்ரோலால் என்று மட்டும் எழுதிக் கேள்விக்குறிப்பு போடுங்கள்.

காலி இடம் விடுவது

காலி இடம் விட்டால் திறமை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லாப் புதியவருக்கும் உண்டு. வரிக்குக் காசு என்பதால் யாரும் நின்று கேட்பதும் இல்லை. எனக்குப் பிடிக்காத பழக்கம் இதுதான்: இடத்தை நிரப்புவதற்காக எதையாவது எழுதுவது. அப்படி நிரப்பிய வாக்கியம் பார்க்க அழகாக இருக்கும், இலக்கணமும் சரியாக இருக்கும். அதனாலேயே தரம் பார்ப்பவர் கண்ணிலிருந்தும் தப்பிவிடும். காலி இடத்தை யாராவது நிரப்புவார்கள். தப்பாக நிரப்பிய இடத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் சும்மா விட்டுப் போகவும் கூடாது. முதலில் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் வேகத்தைக் கூட்டிக் கேளுங்கள். மெதுவாகக் கேட்டால் புரியாத சொல் சில நேரம் வேகத்தில் பிடிபடும். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு அறிக்கையை முடியுங்கள், அதே சொல்லைக் கடைசிப் பகுதியில் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருப்பார். அந்த டாக்டரின் பழைய அறிக்கைகள் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். மனிதர்கள் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். இத்தனைக்குப் பிறகும் கிடைக்கவில்லை என்றால் கோடு, நிமிடம், நொடி, காதுக்குக் கேட்டது எப்படி ஒலித்தது என்ற குறிப்பு.

இப்போது வேலையில் பெரும்பகுதி மெஷின் எழுதிய வரைவைத் திருத்துவதுதான். இதற்கு வரிக் கூலி குறைவு. கண்ணுக்கு ஆபத்தும் அதிகம். மெஷின் எழுத்துப் பிழை விடாது, அதனால் வரைவு சுத்தமாகத் தெரியும். ஆனால் ஒரு 'நோ'வைத் தின்றுவிடும். நெஞ்சுவலி இல்லை என்று டாக்டர் சொன்னது நெஞ்சுவலி என்று நிற்கும். ஹைப்பரும் (கூடுதல்) ஹைப்போவும் (குறைவு) இடம் மாறும். பால்பிடேஷன் (படபடப்பு), பால்பேஷன் (தொட்டுப் பார்ப்பது) ஆகும். வரியைக் கண்ணால் படித்துவிட்டுக் காதால் சரிபார்த்தால், படித்ததே காதிலும் கேட்கும். ஆடியோ முன்னே போகட்டும், கண் பின்னால் வரட்டும்.

இதே ஆபத்து நாமே வைத்துக்கொள்ளும் சுருக்குகளிலும் உண்டு. மூன்று எழுத்து தட்டினால் 'நோ மர்மர்ஸ், ரப்ஸ், ஆர் கேலப்ஸ்' (இதயத்தில் வேண்டாத ஒலி இல்லை) என்று முழு வாக்கியம் விழும்படி வைத்திருப்போம். வேகத்துக்கு நல்லது. டாக்டர் அன்றைக்கு மர்மர் இருக்கிறது என்று சொன்னாலும் விரல் பழக்கத்தில் அதையே தட்டும்.

மற்ற துறைகளுக்குப் போகும்போது

கார்டியாலஜி கைக்கு வந்தபின் இன்னொரு துறையை எடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். முதலில் சுருக்கெழுத்துகளை மறந்துவிட்டுப் போங்கள். எம்.எஸ். இங்கே மைட்ரல் ஸ்டெனோசிஸ், நரம்பியலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பி.என்.டி. இங்கே இரவில் வரும் மூச்சுத்திணறல், காது மூக்கு தொண்டையில் மூக்கின் பின்னால் வடியும் சளி. வேறு துறைக்கே போக வேண்டாம்; ஆஞ்சியோவில் ரத்தக்குழாயாக இருக்கும் எல்.ஏ.டி. ஈ.சி.ஜி.யில் லெஃப்ட் ஆக்சிஸ் டீவியேஷன் ஆகிவிடும்.

எலும்புத் துறையில் இடதா வலதா என்பதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தனியாகச் சரிபாருங்கள். தலைப்பில் வலது முழங்கால், உள்ளே இடது முழங்கால் என்று டாக்டரே சொல்லியிருப்பார். அது திருத்த வேண்டியது இல்லை, தெரிவிக்க வேண்டியது. வயிற்றுத் துறையில் இலியம் இரண்டு: குடலுக்கு ஒன்று, இடுப்பெலும்புக்கு ஒன்று, ஒரே உச்சரிப்பு. ரேடியாலஜி சின்னச் சின்ன அறிக்கை, வேகம் வந்தவர்களுக்கு வரும்படி நல்லது. மனநலத் துறை எனக்குப் பிடிக்கும்: மருத்துவச் சொல் குறைவு, கதை நீளம். நோயாளி சொன்ன வார்த்தையை டாக்டர் மேற்கோளாகச் சொன்னால் ஒரு சொல்லும் மாறக் கூடாது. புற்றுநோய்த் துறைக்கு அவசரப்படாதீர்கள். மருந்துக் கூட்டுகளின் பெயர்களுக்கே தனியாகப் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கு மட்டும்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு பெரும்பாலும் பகலில் என்பதால் இரவு வேலைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வர்ட்டர் வைத்தால் மோடத்தையும் அதில் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியன் காக்கா ஃபேனையும் லைட்டையும் மட்டும் கட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டாவதாக வேறு கம்பெனி சிம் ஒன்று வேண்டும். நோன்பு மாதத்தில் தெருவே சஹர் வரை விழித்திருக்கும். கடினமான ஆடியோவைத் தராவீஹ் தொழுகை நேரத்தில், வீடு காலியாக இருக்கும்போது எடுங்கள்.

நோயாளியின் தகவலை அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டம் காக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். "இந்தச் சொல் என்னன்னு கேட்டுச் சொல்லு" என்று ஆடியோ துண்டை வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்புவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. செய்யாதீர்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரும் வேண்டாம். மச்சானுக்கு வீடியோ கால் பேசும்போது பின்னால் திரை தெரியக் கூடாது.

வேலை கேட்டுப் போகும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஆடியோ கொடுத்துச் சோதிப்பார்கள். பயிற்சிக்கு முன்பணமாகப் பெருந்தொகை கேட்டு, வேலை நிச்சயம் என்று வாய்வாக்கு மட்டும் தருகிற இடத்தில் சோதனை எழுதுவதற்கே உட்காராதீர்கள். சரியான இடத்தில் உட்கார்ந்தால் முதல் ஓட்டத்தில் எதையும் தட்டாமல் முழுதாகக் கேளுங்கள். எந்தத் துறை, எந்த வகை அறிக்கை என்று தலைப்பை முடிவு செய்யுங்கள். எண்களை மட்டும் கடைசியில் தனியாக ஒருமுறை ஒப்பிடுங்கள். கேட்காத இடங்களை நேரத்தோடு குறித்துக் கொடுங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், என்ன கேட்டது, ஏன் சந்தேகப்பட்டீர்கள் என்று சொல்லத் தயாராக இருங்கள்.