அலர்ஜி போய்விட்டதா என்று ஊரில் சோதிக்காதீர்கள்

"சின்னப் பிள்ளைதானே, வளர வளர எல்லாம் சரியாகிவிடும்." உணவு அலர்ஜி உள்ள பிள்ளையோடு ஊருக்குப் போனதும் உறவினர் யாராவது இதைச் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. உங்கள் பிள்ளை அந்தப் பாதிக்குள் வருகிறதா என்பதை விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பால், முட்டை, கோதுமை, சோயா ஆகியவற்றின் அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளரும்போது விலகிவிடும். சிலருக்குப் பள்ளி சேரும் வயதில், சிலருக்குப் பதின்ம வயதில். நிலக்கடலையில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குத்தான் விலகும். முந்திரி, பாதாம், வால்நட் போன்ற கொட்டைகளில் 10 பேரில் ஒருவருக்கு. மீன், இறால், நண்டு அலர்ஜி பெரும்பாலும் நிலைத்துவிடும். ஒருமுறை கடுமையாக வந்த பிள்ளைக்கும் விலக வாய்ப்பு உண்டு. ஆனால் விலகிவிட்டது என்று பெற்றோர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

தோல் பரிசோதனையில் வரும் தடிப்பும், ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) அளவும் குறைந்துகொண்டே வந்தால் நல்ல அறிகுறி. உறுதி செய்வது மருத்துவமனையில் நடக்கும் உணவுச் சோதனைதான்: மிகச் சிறிய அளவில் தொடங்கி, இடைவெளி விட்டுக் கூட்டிக்கொடுத்து, சில மணி நேரம் பக்கத்திலிருந்து கவனிப்பார்கள். இதற்குக் காத்திருக்க வேண்டி வரும் என்பதால் பயணத்துக்குப் பல மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். "போன வருடம் தெரியாமல் கொஞ்சம் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை" என்பது சோதனை ஆகாது. காய்ச்சல், ஆஸ்துமா, ஓடியாடிய களைப்பு இருக்கும் நாளில் அதே அளவு ஆபத்தாகலாம். கேக்கில் வெந்த முட்டை ஒத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய உண்டு. அதை நம்பி அரைவேக்காட்டு முட்டையைக் கொடுத்துவிடக் கூடாது.

சோதனையில் தேறிவிட்டதா? சந்தோஷம். அப்புறம் அந்த உணவை மருத்துவர் சொன்னபடி பயணத்திலும் விடாமல் கொடுங்கள். குறிப்பாக நிலக்கடலையை நீண்ட நாள் தவிர்த்தால், விலகிய அலர்ஜி திரும்பிய பிள்ளைகள் உண்டு. தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை விஷயம் வேறு: அது தாங்கும் அளவைக் கூட்டுவதுதான், அலர்ஜி போய்விட்டதாக அர்த்தமில்லை. காய்ச்சல் வந்தாலோ, பயண அலைச்சலில் ஒரு நாள் விட்டுப்போனாலோ என்ன செய்வது என்று கிளம்பும் முன் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தேறவில்லை என்றால், அல்லது சோதனையே நடக்கவில்லை என்றால், அலர்ஜி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அட்ரினலின் பேனா (கடுமையான அலர்ஜி வந்தால் உடனே குத்தும் ஊசிமருந்து), மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில். போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். காலாவதித் தேதி திரும்பி வரும் நாளைத் தாண்டியிருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் விடவும் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது.

வீட்டில் சமைப்பவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். "ஒத்துக்கொள்ளாது" என்றால் வயிற்றுக்கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். "ஒரு வாய் போனாலும் மூச்சு அடைக்கலாம், உயிருக்கு ஆபத்து" என்று சொல்லுங்கள். யார் மனமும் புண்படுமே என்று இதில் தயங்க வேண்டாம்.

சாப்பிட்டதும் மூச்சிரைப்பு, குரல் மாற்றம், தொடர் வாந்தி, துவண்டு விழுதல் என்று ஏதாவது வந்தால் முதலில் பேனாதான். தொடையின் வெளிப்பக்கத்தில் குத்துங்கள். அலர்ஜி மாத்திரையோ சிரப்போ அதற்கு ஈடாகாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா. பிள்ளை சிரித்து விளையாடத் தொடங்கினாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சில மணி நேரம் இருங்கள். அடங்கிய அறிகுறி மறுபடி கிளம்புவது உண்டு.